டாக்டரும் ஆகப்போவதில்லை, இன்ஜினியரும் ஆகப்போவதில்லை. எனக்கு எதற்கு கெமிஸ்ட்ரி?

கேள்விக்குறி:

தலைப்பில் இருப்பதுதான் கேள்வி. பள்ளியில் படிக்கிறேன், மேலே போய் சட்டமோ வரலாறோ எடுக்கலாம் என்று நினைப்பு. ஆனால் இப்போதைக்கு வேதியியல் கட்டாயப் பாடம், தப்பிக்க வழியில்லை. மோல் கணக்கு, எலக்ட்ரான் அமைப்பு, சமன்பாட்டைச் சமன் செய்வது என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் எனக்கு எதற்கு என்று ஆசிரியரிடம் கேட்டால் "நீ மூச்சு விடுவதே வேதியியல்தான்" என்கிறார். சரி, ஆனால் மூச்சு விட நான் படித்துவிட்டா வந்தேன்? சோப்பின் ஃபார்முலா தெரியாதவன் குளித்தாலும் அழுக்குப் போகத்தானே செய்கிறது?

அதனால் தயவுசெய்து "எல்லாமே வேதியியல்" வகைப் பதில் வேண்டாம். வேதியியல் தெரிந்த ஒருவனுக்கும் தெரியாத ஒருவனுக்கும் ஒரு சாதாரண நாளில் என்ன வித்தியாசம் வரும், எங்கே வரும், அதை மட்டும் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றாலும் நேராகச் சொல்லிவிடுங்கள். மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

பழைய ஆய்வகம்:

நியாயமான கேள்வி தம்பி. "எல்லாமே வேதியியல்" என்பது உண்மைதான், ஆனால் அது யாரையும் எதையும் செய்ய வைக்காத உண்மை. உணவு செரிப்பதற்காக யாரும் உயிரியல் படிப்பதில்லை.

வித்தியாசம் பளிச்சென்று தெரிகிற இடம் ஒன்று உண்டு: இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்க்கும்போது. தரை துடைக்கும் பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிப்பறைக் கறை நீக்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். தனித்தனியாக இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் நன்றாகப் பளபளக்கும் என்று ஒருவருக்குத் தோன்றினால் அது முட்டாள்தனம் இல்லை, இயல்பான யோசனைதான். ஆனால் சேர்ந்ததும் குளோரின் வாயு வெளியே வரும், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிட்டார்களே, அதே வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே போகாது, சின்னக் கழிப்பறையில் குனிந்து தேய்க்கிறவரின் முகத்தருகிலேயே தங்கும். அமிலத்துக்குப் பதில் அம்மோனியா உள்ள கிளீனரைச் சேர்த்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சுப்புகை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது, அதில் ஆபத்தே கிடையாது, வெறும் வீண்வேலை. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து எதை எதையோ சுத்தம் செய்கிற வீடியோக்கள் பார்த்திருப்பாய். வினிகர் அமிலம், குழாய் முனையில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். சோடா மென்மையான காரம், பிசுக்கைத் தேய்த்து எடுக்க உதவும். கலந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பறந்துவிடும், கையில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். நுரையைப் பார்த்து "ஆகா, என்ன வேலை செய்கிறது!" என்று நினைக்கிறோம். வேலை முடிந்துபோனதற்கான அடையாளம் அது.

ஒன்று ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும், இன்னொன்று நேரத்தை வீணாக்கும். இரண்டையும் அறிய உன் புத்தகத்தில் அமிலம், காரம் பற்றிய பாடம் போதும், பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்.

இரவுப்பணி:

நான் மருந்தாளுநர். சார் சொன்னது கலப்பதைப் பற்றி, நான் அளவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் கண்ணெதிரே பார்ப்பது அதைத்தான்.

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு மாத்திரை, தலைவலிக்கு இன்னொன்று என்று மூன்று அட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பெயர் மூன்று, பெட்டியின் நிறம் மூன்று. பின்பக்கம் சின்ன எழுத்தில் பார்த்தால் பல சமயம் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு பொதுவாக 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. அளவு மீறினால் உடலில் உண்டாகும் ஒரு நச்சுத் துணைப்பொருளை முறிக்க வேண்டிய குளூட்டாதையோன் தீர்ந்துபோய், அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். கொடுமை என்னவென்றால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆள் நன்றாகத்தான் இருப்பார். பெட்டியின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் பொருளின் பெயரைத் தேடிப் படிக்கிற கண், பள்ளியில் வேதியியல் வகுப்பில் கிடைக்க வேண்டியது.

அப்புறம் செறிவு. குழந்தைகளுக்கான திரவ மருந்துகளில் ஒரே மருந்து 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்ற சிரப்பாகவும் வரும், 1 மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் என்ற சொட்டுமருந்தாகவும் வரும். "போன தடவை ஒரு ஸ்பூன் கொடுத்தோம், இப்போதும் ஒரு ஸ்பூன்" என்று பாட்டிலை மாற்றிவிட்டு அதே ஸ்பூனைப் பிடித்தால் குழந்தைக்குப் போவது நாலு மடங்கு. "கரைசலின் செறிவு காண்க" என்று பரீட்சையில் கேட்கிறார்களே, அதே கணக்குதான்.

உனக்கு நேரடியாக உதவுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முந்தைய மாலை 5 மணிக்கு காபி குடித்தால், காஃபினின் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம் என்று வைத்துக்கொள், இரவு 10 மணிக்குப் பாதி உள்ளே இருக்கும், விடியற்காலை 3 மணிக்கும் கால் பங்கு இருக்கும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். "படுத்தேன், தூக்கமே வரவில்லை, டென்ஷன்" என்கிறவர்களில் சிலருக்கு டென்ஷன் அல்ல, முதல் வரிசை வினைவேகம் (சம நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைகிற அந்தக் கணக்கு).

மாற்றுக்கருத்து:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "பிளீச்சோடு எதையும் கலக்காதே" என்பது ஒரு வரி. "மாத்திரையின் உட்பொருளைப் பார்" என்பது இன்னொரு வரி. பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இதற்காகப் பல வருடம் உட்கார்ந்து தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பை எழுத வேண்டுமா? தம்பி கேட்டது மோல் கணக்கைப் பற்றியும், நீங்கள் சொல்வது வீட்டுப் பாதுகாப்புக் குறிப்புகள். வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களே "இந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்பில் அமிலம் போய்விடும்" என்று ஃபார்வர்டு அனுப்புவதை நான் பார்க்கிறேன். பாடத்திட்டம் வேதியியலாளர் ஆகப்போகிறவனுக்காக எழுதியது, மற்றவர்கள் அதில் வெறும் பயணிகள். ஐம்பது எச்சரிக்கையை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் முடிந்தது வேலை.

கரும்பலகை:

நான் இந்தப் பாடம் நடத்துகிறவள், அதனால் கொஞ்சம் சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக்கருத்து சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். குவாண்டம் எண்கள் அன்றாட வாழ்க்கையில் எனக்கே பயன்பட்டதில்லை. ஃபார்வர்டு அனுப்புகிற முதல் மதிப்பெண்காரர்களையும் நன்றாகத் தெரியும். சமன்பாட்டை எழுதக் கற்றார்கள், அது எதைச் சொல்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அது எங்கள் தரப்புக் குறை.

ஆனால் அந்த ஐம்பது எச்சரிக்கைத் தாளில் நம்பிக்கை இல்லை. தாளில் "பிளீச்சோடு டாய்லெட் கிளீனர் கூடாது" என்று எழுதியிருக்கிறது, படித்தாயிற்று. பிளீச்சோடு வினிகர்? எலுமிச்சை சேர்த்த கிளீனர்? கெட்டிலில் உப்புப் படிவு நீக்கும் பொடி? இந்த மூன்றிலும் இருப்பது அமிலம்தான், எனவே மூன்றும் கூடாது. காரணம் தெரிந்தவனுக்கு இது ஒரே செய்தி, தாளை மனப்பாடம் செய்தவனுக்கு மூன்று தனித்தனிச் செய்தி, நாலாவதாக ஒரு பொருள் கடைக்கு வந்தால் அவன் கையில் எதுவும் இல்லை. எச்சரிக்கை என்பது யாரோ ஒருவர் முன்னாலேயே யோசித்துவைத்த ஆபத்துக்கு மட்டும்தான் கிடைக்கும்.

எந்த எச்சரிக்கையும் ஒட்டாத ஒன்றைப் பாருங்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரியை மூட்டிவைத்துத் தூங்குகிறார்கள். புகை இல்லை, நாற்றம் இல்லை, கனல் மட்டும்தான், அதனால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆக்ஸிஜன் போதாத இடத்தில் கரி எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அது ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். நிறமும் மணமும் இல்லாததால் தூங்குகிறவருக்கு அறை கெட்டுப்போனது தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரியில் அவருக்குத் தூய ஆக்ஸிஜன் கொடுப்பது ஏன்? ஆக்ஸிஜன் அளவைக் கூட்டினால் சமநிலை இந்தப் பக்கம் சாய்ந்து மோனாக்சைடு கழன்றுவரும். லெ சாட்லியர் கொள்கை என்று மாணவர்கள் முகம் சுளிக்கிற அதே பாடம்.

சார்ஜர்:

குறுக்கே ஒரு சின்ன விஷயம். மாணவர்கள் கையில் இருபத்திநாலு மணி நேரமும் இருக்கிற வேதியியல் போன் பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டின் கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கிற கரிமப் பொருள். போனின் முதுகு உப்பிவிட்டால் உள்ளே அது சிதைந்து வாயு உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தி மூடப் பார்க்காதே, ஊசியால் குத்திக் காற்றை எடுக்கப் பார்க்காதே (செய்கிறார்கள்!), சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றிவிடு. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான் கூடாது. வெப்பம் வெளியேறாவிட்டால் உள்ளே வினையின் வேகம் ஏறும், வேகம் ஏறினால் இன்னும் வெப்பம் வரும், அந்தச் சுற்று ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது.

கேள்விக்குறி:

எல்லோருக்கும் நன்றி, இப்படிப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மாற்றுக்கருத்து அண்ணா சொன்ன அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு சந்தேகம். காரத்தன்மையுள்ள தண்ணீர், பிஹெச் 9 என்று போட்டு விற்கிறார்களே, அது உடம்பில் அமிலத்தைக் குறைக்காது என்கிறீர்கள். அப்படியானால் நெஞ்செரிச்சலுக்குப் போடுகிற மாத்திரை மட்டும் எப்படி வேலை செய்கிறது? அதுவும் காரம்தானே? கரும்பலகை டீச்சர் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை:

நல்ல இடத்தைப் பிடித்தாய். இதற்கு விடை அந்த மோல் கணக்கில்தான் இருக்கிறது, வா போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் இருப்பதாக வைத்துக்கொள். அதன் மோலார் நிறை 100, அதாவது ஒரு மோல் (துகள்களை எண்ணுகிற அலகு) 100 கிராம், எனவே 0.5 கிராம் என்பது 0.005 மோல். ஒரு கார்பனேட் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தீர்க்கும், ஆக இந்த மாத்திரை 0.01 மோல் அமிலத்தைத் தீர்க்கும்.

இப்போது தண்ணீர். பிஹெச் 9 என்றால் ஒரு லிட்டரில் இருக்கும் ஹைட்ராக்சைடு 10இன் அடுக்கு மைனஸ் 5 மோல், அதாவது 0.00001. மாத்திரைக்கும் அதற்கும் எத்தனை மடங்கு? ஆயிரம். ஒரு மாத்திரையின் வேலையைச் செய்ய அந்தத் தண்ணீரை ஆயிரம் லிட்டர் குடிக்க வேண்டும். பைகார்பனேட் கரைந்திருக்கும் தண்ணீர் என்றால் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், அப்போது பல மடங்கு கூடலாம்; லேபிளில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து நீயே போடு. இரைப்பையில் பிஹெச் 2 அளவில் 100 மில்லிலிட்டர் திரவம் இருந்தால் அதில் அமிலம் 0.001 மோல். வெறும் ஹைட்ராக்சைடை மட்டும் எண்ணினால் ஒரு லிட்டர் தண்ணீர் அதில் நூறில் ஒரு பங்கைத் தீர்க்கும். பிஹெச் மடக்கை அளவு (ஒரு எண் மாறினால் பத்து மடங்கு) என்பதால்தான் இந்த மயக்கம்: 7க்கும் 9க்கும் பெரிய வித்தியாசம் போலத் தெரிகிறது, ஆனால் 7இன் பக்கத்தில் இருப்பதெல்லாம் சிட்டிகை, 2இன் பக்கத்தில் இருப்பதுதான் மூட்டை.

இரத்தத்தைப் பொறுத்தவரை கதையே வேறு. அது 7.35க்கும் 7.45க்கும் நடுவிலேயே நிற்கும். பைகார்பனேட் தாங்கல் கரைசல், நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. நீ குடிக்கிற தண்ணீர் அந்த எல்லையை மாற்றிவிடும் என்றால் ஒரு பாட்டில் சோடா குடித்தவர்களெல்லாம் படுத்த படுக்கையாகியிருக்க வேண்டும். மாத்திரையும் இரைப்பையில்தான் வேலை செய்கிறது, இரத்தத்தை மாற்றுவதற்காக அதை யாரும் கொடுப்பதில்லை.

வழக்குக்கட்டு:

தம்பி சட்டம் படிக்கப்போகிறேன் என்றதால் உள்ளே வருகிறேன். அங்கே போனாலும் வேதியியல் உன்னை விடாது.

1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சேர்த்தால் இன்ஜின் தட்டுகிற சத்தம் நிற்கும் என்று கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே தெரியும், 1924இல் அதைத் தயாரித்த இடங்களில் தொழிலாளர்கள் செத்தும் போனார்கள். அப்படியும் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதை எரித்தோம், மனித உடலில் கொஞ்சம் ஈயம் இருப்பது இயற்கைதான் என்று தொழில் தரப்பு வல்லுநர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதை உடைத்தவர் கிளேர் பேட்டர்சன். அவர் ஈயத்தை எதிர்த்துக் கிளம்பியவரே இல்லை, பூமியின் வயதைக் கண்டுபிடிக்க விண்கல்லில் ஈய ஐசோடோப்புகளை அளந்துகொண்டிருந்தார் (1956இல் 455 கோடி ஆண்டுகள் என்று சொன்னவர் அவர்தான்). எங்கே தொட்டாலும் ஈயம், காற்றில், தூசியில், தண்ணீரில், மாதிரியே கெட்டுப்போகிறது. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்த்தான் அந்தச் சண்டையில் இறங்கினார். கார்களுக்கு அந்தப் பெட்ரோலை விற்பதை உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

ஒரு தரப்பு வல்லுநர் "இயற்கையான அளவுதான்" என்கிறார், இன்னொருவர் "இல்லை" என்கிறார். நடுவில் உட்கார்ந்து யாரிடம் என்ன குறுக்குக்கேள்வி கேட்பது என்று தெரிய வேண்டியவன் வக்கீல். "அந்த அளவை எப்படி அளந்தீர்கள், ஒப்பிட எதை வைத்துக்கொண்டீர்கள், எத்தனை மடங்கு" என்று கேட்கத் தெரியாத வக்கீலுக்கு வல்லுநர் சொல்வதெல்லாம் வேதவாக்கு.

மாற்றுக்கருத்து:

மேலே அந்த ஆயிரம் லிட்டர் கணக்கைப் படித்தேன். இப்படி ஒரு கேள்வி பரீட்சையில் வந்திருந்தால் நான் இந்தத் திரிக்கு வேறு மாதிரி வந்திருப்பேன். ஆனால் வராது, "மோலாரிட்டியை வரையறு, 2 மதிப்பெண்" என்றுதான் வரும். என் புகார் அப்படியே நிற்கிறது, பாடத்தின் மேல் இருந்ததைக் கேள்வித்தாளின் மேல் மாற்றிக்கொள்கிறேன்.

கரும்பலகை:

கேள்வித்தாள் மேல் என்றால் நானும் உங்கள் கட்சிதான்.

கேள்விக்குறி:

சரி, மோல் கணக்கை மறுபடி உட்கார்ந்து பார்க்கிறேன். பைகார்பனேட் கணக்கை நாளைக்குப் போட்டு இங்கே எழுதுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். போகும்முன் அவசரமாக ஒன்று: வகுப்பு வெள்ளைப்பலகையில் யாரோ பெர்மனென்ட் மார்க்கரில் பெரிதாக எழுதிவைத்துவிட்டார்கள், தண்ணீர் போட்டுத் தேய்த்தால் அசையவில்லை. பழி எங்கள் வரிசைமேல் விழும்போல இருக்கிறது. இதற்கு வேதியியலில் ஏதாவது இருக்கிறதா?

பழைய ஆய்வகம்:

இருக்கிறது. அதன் மேலேயே சாதாரண வெள்ளைப்பலகை மார்க்கரால் நன்றாகப் பூசி எழுது, காயவிடாமல் உடனே துடை. அந்த மார்க்கரில் இருக்கும் ஆல்கஹால் வகைக் கரைப்பான் அடியில் ஒட்டியிருக்கும் பிசினை மறுபடி கரைக்கும், அதிலேயே கலந்திருக்கும் வழுக்குப்பொருள் கரைந்துவந்த மையைத் திரும்பவும் பலகையில் பிடிக்கவிடாது. தண்ணீர் முனைவுள்ள கரைப்பான், அந்தப் பிசினுக்கும் அதற்கும் ஒத்துப்போகாது, ஒத்தது ஒத்ததைத்தான் கரைக்கும். முழுசாகப் போகவில்லை என்றால் சானிடைசரைத் துணியில் நனைத்துத் துடை, ஜன்னலைத் திறந்துவை, பக்கத்தில் தீப்பொறி எதுவும் வேண்டாம்.